கேஷ் பிளகினில் பழைய கோப்பே திரும்ப வருகிறதா? மாறியின் ஸ்கோப்பைச் சரிசெய்யும் வழி

ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கிறீர்கள். கல்ப் என்ற பில்டு டூலின் வாட்ச் (கோப்பு மாறும்போதெல்லாம் பணிகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடுகிறது, ‘முடிந்தது’ என்கிறது. பிரௌசரைத் திறந்தால் பழைய வரிதான் நிற்கிறது. இன்னும் மோசமான நிலையும் உண்டு: ஒரு கோப்பின் பெயருக்குள் வேறொரு கோப்பின் உள்ளடக்கம் உட்கார்ந்திருக்கும். டெர்மினலில் ஒரு பிழைச்செய்தியும் இருக்காது. வாட்சை நிறுத்தி மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும், அரை மணி நேரத்தில் மீண்டும் வரும்.

பில்டு டூலின் கேஷ் பிளகினில் (மாறாத கோப்புகளை மறுபடி செயலாக்காமல் தவிர்க்கும் துணைநிரலில்) இப்படி நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாறிகளின் ஸ்கோப்பை. தமிழ்வழிப் பாடநூல்களில் வரையெல்லை என்று படித்திருப்பீர்கள். கேஷ் எழுதும் நிரலில் வரையெல்லை என்பது ஆயுள்தான். ஒரு மாறி எங்கே அறிவிக்கப்பட்டது என்பதே அது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும், யார் யார் அதைத் தொடுவார்கள் என்பதை முடிவு செய்கிறது. வாழவேண்டியதைவிடக் கூடுதலாக வாழ்ந்தால் பழைய கோப்பு வரும்; குறைவாக வாழ்ந்தால் கேஷ் இருந்தும் பயன் இராது.

இங்கே கல்ப் 4, 5 பதிப்புகளை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வெப்பேக், ரோல்அப் என்ற வேறு பில்டு டூல்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 6ஆம் பகுதியில் வேறுபாடுகள் உள்ளன. பிளகின் நீங்களே எழுதியது, 200 வரிக்குள் இருக்கிறது என்றால் சுமார் ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறர் எழுதியது என்றால் ஒரு முழு நாள். பணச்செலவு இல்லை, கருவிகள் எல்லாமே இலவசம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை (15 நிமிடம்)

நோட்ஜேஎஸ், கல்ப், கேஷ் பிளகின் மூன்றின் பதிப்பு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர்க் குழப்பம் இங்கேயே தொடங்கும்: ‘கல்ப்-கேஷ்டு’ வேறு, ‘கல்ப்-கேஷ்’ வேறு. முன்னது நினைவகத்தில் மட்டும் பதிவு வைத்து, மாறிய கோப்புகளை மட்டும் கடத்தும். பின்னது ஒரு பணியின் விளைவையே டிஸ்கில், இயங்குதளத்தின் தற்காலிக அடைவில் சேமிக்கும். இரண்டாவதில், பிராசஸை நிறுத்தி ஓட்டினாலும் தவறான பதிவு போகாது.

பிறகு லாக் கோப்பை (பொதிகளின் துல்லியமான பதிப்புகள் பதிந்திருக்கும் கோப்பு) வைத்துக்கொண்டு ‘என்பிஎம் சிஐ’ கொடுத்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவுங்கள். ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம். அது லாக் கோப்பையே மாற்றிவிடலாம், பிழையும் இடம் மாறிவிடும்.

அடுத்தது ‘என்பிஎம் எல்எஸ்’ கட்டளையைப் பிளகின் பெயரோடு ஓட்டிப் பார்ப்பது. ஒரே பிளகின் இரண்டு இடத்தில் நிறுவப்பட்டிருந்தால் அதற்கு இரண்டு தனித்தனி மாட்யூல் ஸ்கோப் இருக்கிறது, அதாவது இரண்டு கேஷ். நீங்கள் ஒன்றைக் காலி செய்வீர்கள், பில்டு மற்றொன்றிலிருந்து எடுக்கும். ‘என்பிஎம் டிடியூப்’ பல நேரம் இதைத் தீர்த்துவிடும். மேக், விண்டோஸ் கணினிகளில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டோடு ‘ரிக்வயர்’ செய்தாலும் இதே கதைதான். கோப்பு ஒன்றே, ஆனால் நோட்ஜேஎஸ் அதை இரண்டு மாட்யூல்களாக ஏற்றும்.

கடைசியாக ஒரு சின்னப் புராஜெக்ட். இரண்டு அடைவுகள், இரண்டிலும் ‘இன்டெக்ஸ்.ஜேஎஸ்’ என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு கோப்பு, முதலாவதில் ‘ஒன்று’ என்று அச்சிடும் ஒரு வரி, இரண்டாவதில் ‘இரண்டு’ என்று அச்சிடும் ஒரு வரி. ஒவ்வொரு அடைவுக்கும் ஒரு கல்ப் பணி. பெயர் ஒன்றாக இருப்பது வேண்டுமென்றேதான். முழுப் பாதையை விட்டுவிட்டுச் சார்புப் பாதையைச் சாவியாக (கேஷில் பதிவைத் தேடும் அடையாளமாக) வைத்திருக்கும் பிளகின் இங்கேயே மாட்டிக்கொள்ளும். அது ஸ்கோப் பிழை இல்லை, சாவிப் பிழை. சாவியை வினைல் கோப்பின் (கல்ப் ஒவ்வொரு கோப்பையும் குறிக்கும் பொருள்) ‘பாத்’ பண்புக்கு மாற்றினால் முடிந்தது.

2. ஸ்கோப் பிழைதானா என்று உறுதி செய்யுங்கள் (30 நிமிடம்)

இந்த அடியைத் தாண்டிப்போய் நிரலைத் திருத்தத் தொடங்குகிறவர்கள்தான் இரண்டு நாள் வீணாக்குகிறார்கள். நான்கு ஓட்டங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் முன் டிஸ்க் கேஷைக் காலி செய்யுங்கள்.

முதல் ஓட்டம்: புதிய பிராசஸ், இரண்டு பணிகளும் ‘கல்ப்.சீரிஸ்’ வழியாக ஒன்றன்பின் ஒன்றாக. இதிலேயே விளைவு தவறு என்றால் பெரும்பாலும் சாவியிலோ ஒப்பிடும் தர்க்கத்திலோ கோளாறு.

இரண்டாவது: அதே பணிகள் ‘கல்ப்.பேரலல்’ வழியாக. இதில் மட்டும் கலந்துபோனால், இரண்டு ஸ்ட்ரீம்கள் (கோப்புகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும் வழிகள்) ஒரே மாறியைப் பகிர்ந்துகொள்கின்றன.

மூன்றாவது: வாட்சில் விட்டு, ஒரு கோப்பை மட்டும் இருமுறை திருத்துங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கோப்பும் முழுதாக ஓடினால் கேஷின் ஆயுள் போதவில்லை. திருத்தியது வராமல் பழையதே வந்தால் ஏதோ ஒன்று வேண்டிய காலத்தைத் தாண்டி வாழ்கிறது.

நான்காவதுதான் முக்கியம். பிளகினுக்குள் கோப்பைப் படிக்கும் அல்லது செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) எடுக்கும் இடத்தில் 50 மில்லிசெகண்ட் தாமதம் வையுங்கள், முதல் அடைவின் கோப்புக்கு மட்டும். பிறகு மறுபடி பேரலலில் ஓட்டுங்கள். பத்தில் ஒருமுறை வந்த பிழை இப்போது ஒவ்வொரு முறையும் வரும்.

காரணம் இது. கல்ப் பேரலல் என்றால் பல த்ரெட்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஒரே த்ரெட்டில்தான் ஓடுகிறது. வேலை முடிந்ததும் அழைக்கப்படும் கால்பேக்குக்கோ ‘அவெயிட்’டுக்கோ காத்திருக்கும் இடத்தில் மட்டும்தான் மற்ற ஸ்ட்ரீம் உள்ளே நுழையமுடியும். கசியும் மாறியில் எழுதுவதற்கும் அதை மறுபடி படிப்பதற்கும் இடையே அப்படி ஒரு காத்திருப்பு இல்லாதவரை பிழை வெளியே தெரியாது. பல ஆண்டு ஒழுங்காக ஓடிய பிளகின், யாரோ ‘ரீட்ஃபைல்சிங்க்’கை ‘ரீட்ஃபைல்’ ஆக மாற்றிய வாரத்தில் உடைவது இதனால்தான். மாற்றியவர்மீது பழி விழும். பிழை அதற்கு முன்பே அங்கே இருந்தது.

3. மாறிகளுக்கு ஆயுள் பட்டியல் போடுங்கள் (1 மணி நேரம்)

பிளகின் நிரலைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு மாறியையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே இரண்டு பத்திகள்: இப்போது எங்கே அறிவிக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு காலம் வாழவேண்டும். கல்ப் பிளகினில் ஆயுள் நான்கே வகை.

கோப்பு ஆயுள்: ஒவ்வொரு கோப்புக்கும் அழைக்கப்படும் டிரான்ஸ்ஃபார்ம் ஃபங்ஷனுக்குள் பிறந்து, அந்தக் கோப்பு கடந்ததும் முடிய வேண்டியவை. உள்ளடக்கம், செக்சம், சாவி, ஒப்பீட்டின் முடிவு எல்லாம் இங்கே.

ஸ்ட்ரீம் ஆயுள்: பிளகின் ஃபங்ஷனுக்குள், டிரான்ஸ்ஃபார்முக்கு வெளியே. இந்த ஓட்டத்தில் எத்தனை கோப்பு கேஷிலிருந்து வந்தது என்ற எண்ணிக்கை, இந்தப் பணிக்கான ஆப்ஷன்கள்.

பிராசஸ் ஆயுள்: மாட்யூலின் மேல்மட்டம். கேஷ் பதிவேடு இருக்கவேண்டிய இடம் இதுதான். வாட்சில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பணி ஃபங்ஷன் மறுபடி அழைக்கப்படுகிறது, பிளகின் ஃபங்ஷனும் அதோடு மறுபடி அழைக்கப்படுகிறது. பதிவேட்டைப் பிளகின் ஃபங்ஷனுக்குள் அறிவித்தால் ஒவ்வொரு முறையும் காலியாகப் பிறக்கும். ‘கல்ப்-கேஷ்டு’ தன் பதிவேட்டை ‘கேஷஸ்’ என்ற பண்பில், பெயர்வாரியாகப் பிரித்து, ஃபங்ஷனுக்கு வெளியே வைத்திருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

டிஸ்க் ஆயுள்: பிராசஸ் போனாலும் இருப்பது. இதைப் பற்றி 9ஆம் பகுதியில்.

இரண்டு பத்திகளும் ஒத்துப்போகாத வரிகளே உங்கள் பிழைகள். பெரும்பாலும் மூன்று நான்குக்கு மேல் இருக்காது. தாளில் எழுதுவது பழைய முறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். திரையில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணில் படாதது தாளில் படும்.

சந்தேகம் இருந்தால் டீபக்கரில் பாருங்கள். நோட்ஜேஎஸை ‘இன்ஸ்பெக்ட்-பிரேக்’ கொடியோடு, கல்ப்பின் பின் அடைவில் உள்ள கோப்பைத் தொடங்கச் சொல்லி ஓட்டுங்கள். இயல்பான போர்ட் 9229. குரோம் இணைந்ததும் டிரான்ஸ்ஃபார்முக்குள் பிரேக்பாயின்ட் வைத்தால், வலப்பக்கம் ஸ்கோப் பகுதியில் லோக்கல், குளோஷர், குளோபல் என்று பிரித்துக் காட்டும். லோக்கலில் இருக்கவேண்டியது குளோபலில் தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

4. முதலில் வேலி போடுங்கள் (30 நிமிடம்)

திருத்தும் முன், புதிதாகக் கசியாதபடி கட்டுங்கள். காமன்ஜேஎஸ் (‘ரிக்வயர்’ பயன்படுத்தும் மாட்யூல் முறை) கோப்பு என்றால் முதல் வரியில் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ சேருங்கள். அறிவிக்காத மாறிக்கு மதிப்பு கொடுத்தால் சாதாரண முறையில் அது சத்தமில்லாமல் குளோபல் ஆகிவிடும். ஸ்ட்ரிக்ட் முறையில் ரெஃபரன்ஸ்எர்ரர் எழும். இஎஸ் மாட்யூல்கள் எப்போதுமே ஸ்ட்ரிக்ட், அவற்றில் தனியாக எழுதத் தேவையில்லை. நோட்ஜேஎஸுக்கே ‘யூஸ்-ஸ்ட்ரிக்ட்’ கொடி கொடுத்து எல்லாவற்றையும் ஸ்ட்ரிக்ட் ஆக்கலாம், ஆனால் பழைய சார்புப் பொதிகள் சில உடையும். கண்டுபிடிக்க ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், நிரந்தரமாக வைக்காதீர்கள்.

பிறகு ஈஎஸ்லிண்ட், நிரலை ஓட்டாமலே பிழை தேடும் கருவி. ‘நோ-அன்டெஃப்’ விதி கசியும் குளோபல்களைப் பிடிக்கும். ‘நோ-ஷேடோ’ உள்ளே அதே பெயரில் மறு அறிவிப்பு செய்திருப்பதைப் பிடிக்கும். ‘நோ-லூப்-ஃபங்க்’, ‘நோ-வார்’, ‘பிளாக்-ஸ்கோப்ட்-வார்’ மூன்றையும் இயக்குங்கள். ‘ரிக்வயர்-அட்டாமிக்-அப்டேட்ஸ்’ சில நேரம் பொய் எச்சரிக்கை தரும், ஆனால் கேஷ் நிரலில் அதன் ஒவ்வொரு எச்சரிக்கையையும் படித்துவிட்டுத் தள்ளுங்கள்.

ஒரு பொறி: ஈஎஸ்லிண்ட் 9இன் புதிய அமைப்புக் கோப்பில், ‘ஜேஎஸ்’ நீட்சியுள்ள கோப்பு இயல்பாக இஎஸ் மாட்யூலாகக் கருதப்படும், நோட்ஜேஎஸின் குளோபல்களும் அதற்குத் தெரியாது. ‘ரிக்வயர்’ வரையறுக்கப்படவில்லை என்று நூறு வரி கொட்டும். அதைப் பார்த்து எரிச்சலில் ‘நோ-அன்டெஃப்’ விதியையே அணைத்துவிடுகிறார்கள். நமக்கு மிகவும் தேவையான விதி அதுதான்! சோர்ஸ்டைப்பைக் ‘காமன்ஜேஎஸ்’ என்று கொடுத்து, ‘குளோபல்ஸ்’ பொதியிலிருந்து நோட் பட்டியலைச் சேருங்கள், அந்த நூறு வரியும் மறையும்.

5. திருத்தங்கள் (2 முதல் 3 மணி நேரம்)

ஒரு திருத்தம், ஒரு கமிட். ஒவ்வொரு கமிட்டுக்கும் பிறகு 2ஆம் பகுதியின் நான்கு ஓட்டங்களையும் ஓட்டுங்கள்.

அ. அறிவிப்பே இல்லாத மாறி

டிரான்ஸ்ஃபார்முக்குள் ‘உள்ளடக்கம் = கோப்பின் பஃபர்’ என்ற பாணியில், முன்னால் ‘வார்’, ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ எதுவும் இல்லாத வரி. ‘கான்ஸ்ட்’ சேர்த்தால் தீர்ந்தது. கண்ணை ஏமாற்றும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, பல மாறிகளைக் காற்புள்ளியிட்டு அறிவிக்கும்போது நடுவில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி விழுந்திருப்பது. அதற்குக் கீழே உள்ள எல்லாமே குளோபல். மற்றொன்று, ‘வார் ஏ = பி = வெற்றுப் பொருள்’ என்ற சங்கிலி; இதில் ‘ஏ’ மட்டும்தான் உள்மாறி, ‘பி’ குளோபல்.

ஆ. ஒரு மட்டம் மேலே அறிவிக்கப்பட்ட மாறி

அறிவிப்பு இருக்கிறது, ஆனால் டிரான்ஸ்ஃபார்முக்கு வெளியே. இங்கே ஒரு நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டிரான்ஸ்ஃபார்ம் ஸ்ட்ரீம், முதல் கோப்பின் கால்பேக் அழைக்கப்படும்வரை இரண்டாவது கோப்பை உள்ளே விடாது. அதனால் ஸ்ட்ரீம் மட்டத்தில் இருக்கும் கோப்பு மாறி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். வேகத்துக்காகக் கால்பேக்கை முன்கூட்டியே அழைத்துவிட்டு வேலையைப் பின்னால் முடிக்கும்படி யாராவது எழுதியிருந்தால், அப்போது அடுத்த கோப்பு வந்து மாறியை மேலெழுதும். அதே நிரலில் ‘புஷ் ஆஃப்டர் ஈஓஎஃப்’ பிழையும் கூடவே வரும், ஸ்ட்ரீம் முடிந்தபின் கோப்பைத் தள்ளுவதால். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குற்றவாளி கால்பேக் அழைக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பை உள்ளே நகர்த்துவதோடு, கால்பேக்கை வேலை முடிந்தபின் அழைக்கும்படியும் மாற்றுங்கள்.

மாட்யூல் மட்டத்தில் இருக்கும் கோப்பு மாறிக்கு இந்தப் பாதுகாப்புகூடக் கிடையாது. இரண்டு ஸ்ட்ரீம்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை.

இ. ‘வார்’ வைத்த லூப்

பதிவேட்டை டிஸ்கில் உள்ள கோப்புகளோடு ஒப்பிடும் லூப்களில் வருவது. லூப் எண்ணியை ‘வார்’ என்று அறிவித்து, உள்ளே ‘எஃப்எஸ்.ஸ்டாட்’ கால்பேக்கில் ‘கோப்புகள்[எண்]’ என்று பயன்படுத்தினால், கால்பேக் ஓடும் நேரத்தில் லூப் முடிந்து எண்ணி பட்டியலைத் தாண்டிப் போயிருக்கும். அடையாளம் தெளிவானது: கேஷ் ஜேசனைத் திறந்தால் ‘அன்டிஃபைன்டு’ என்ற பெயரில் ஒரே ஒரு சாவி இருக்கும். ‘லெட்’ போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி பிறக்கும், சரியாகிவிடும். லூப்புக்கு வெளியே ‘லெட்’ அறிவித்துவிட்டு உள்ளே பயன்படுத்தினால் பயனில்லை. லூப்பின் தலைப்பு அடைப்புக்குள்ளேயே இருக்கவேண்டும்.

ஈ. இயல்பு ஆப்ஷன்களை மேலெழுதுவது

நிரலைப் படித்தால் தவறே தெரியாது, அதனால்தான் இதை அதிகம் வலியுறுத்துகிறேன். மாட்யூல் மேலே இயல்பு ஆப்ஷன்கள் ஒரு பொருளாக இருக்கும். பிளகின் ஃபங்ஷனில் ‘ஆப்ஜெக்ட்.அசைன்’ முதல் இடத்தில் அந்த இயல்புப் பொருளையே வைத்து, பயனர் கொடுத்ததை இரண்டாவதாக வைத்திருப்பார்கள். அசைன் முதல் பொருளையே மாற்றும். ஆகவே முதல் பணி கொடுத்த ஆப்ஷன் இரண்டாவது பணிக்கும் இயல்பாகிவிடும். சிஎஸ்எஸ் பணிக்குக் கொடுத்த அமைப்பு ஜாவாஸ்கிரிப்ட் பணியில் வேலை செய்யும், அதுவும் பணிகள் ஓடும் வரிசையைப் பொறுத்து.

முதல் இடத்தில் வெற்றுப் பொருள் ஒன்றை வையுங்கள், அல்லது ஸ்பிரெட் குறியால் புதுப்பொருள் கட்டுங்கள். இரண்டுமே மேல்மட்ட நகல்தான். ஆப்ஷனுக்குள் இன்னொரு பொருள் இருந்தால் அது இன்னமும் பகிரப்படும். அதையும் தனியே நகலெடுங்கள். பிற்பாடு யாரும் மறுபடி உடைக்காமல் இருக்க, இயல்புப் பொருளை ‘ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ்’ செய்து வைப்பது நல்லது. ஸ்ட்ரிக்ட் முறையில் அதைத் தொட்டால் உடனே டைப்எர்ரர் எழும்.

உ. கோப்புப் பொருளையே பதிவேட்டில் வைப்பது

மாறி சரியான ஸ்கோப்பில் இருந்தும், அது சுட்டும் வினைல் பொருள் மற்றவர்களிடமும் இருந்தால் பயனில்லை. அடுத்து வரும் பிளகின் ‘கன்டென்ட்ஸ்’ஐ மாற்றும், கேஷில் இருப்பதும் மாறும். வைக்கும்போதும் எடுக்கும்போதும் ‘குளோன்’ செய்யுங்கள். அது இயல்பாகவே பஃபரையும் நகலெடுக்கும். இதற்கு விலை நினைவகம். 200 கேபி வீதம் 1,000 கோப்பு என்றால் 200 எம்பி. மாறியதா இல்லையா என்பது மட்டும் போதும் என்றால், 64 எழுத்துள்ள ஷா-256 செக்சத்தை மட்டும் வையுங்கள்.

ஊ. ‘திஸ்’ தொலைவது

டிரான்ஸ்ஃபார்மை ஆரோ ஃபங்ஷனாக எழுதினால் ‘திஸ்’ ஸ்ட்ரீமைச் சுட்டாது, ‘திஸ்.புஷ் ஃபங்ஷன் இல்லை’ என்று வரும். வெளியே சாதாரண ஃபங்ஷன், அதற்குள் உள்ள கால்பேக்குகள் எல்லாம் ஆரோ. அல்லது ‘திஸ்’ஐயே விட்டுவிட்டு, கால்பேக்கின் இரண்டாவது இடத்தில் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.

எ. பிழை பிளகினில் இல்லை, கல்ப்ஃபைலில்

கேஷ் ஸ்ட்ரீமைக் கல்ப்ஃபைலின் மேலே ஒரு ‘கான்ஸ்ட்’டில் ஒருமுறை உருவாக்கிவிட்டு, பணிக்குள் அதையே பைப் செய்வது. முதல் ஓட்டம் சரி. இரண்டாவது ஓட்டத்தில் ஸ்ட்ரீம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் ‘ரைட் ஆஃப்டர் எண்ட்’ வரும். பேரலல் பணிகள் இரண்டும் அதைப் பயன்படுத்தினால் கோப்புகள் கலக்கும். பிளகின் அழைப்பு எப்போதும் பணி ஃபங்ஷனுக்குள் இருக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை: ‘வார்’ எல்லாவற்றையும் தேடி ‘லெட்’ ஆக மொத்தமாக மாற்றாதீர்கள். ‘டிரை’ அடைப்புக்குள்ளோ ‘இஃப்’ அடைப்புக்குள்ளோ அறிவித்து வெளியே பயன்படுத்திய மாறிகள் ரெஃபரன்ஸ்எர்ரர் தரும். அறிவிப்புக்கு முந்தைய வரியில் பயன்படுத்தியவையும் அப்படியே. ‘டைப்ஆஃப்’ போட்டுச் சோதித்தாலும் தப்பாது. ‘ஸ்விட்ச்’சின் எல்லாக் ‘கேஸ்’களும் ஒரே அடைப்பு என்பதால் ஒரே பெயரை இருமுறை ‘லெட்’ செய்ய முடியாது. ஈஎஸ்லிண்ட் தானாகத் திருத்த மறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவையே. அது மறுக்கும் ஒவ்வொரு இடத்தையும் நின்று படியுங்கள்; உண்மையான பிழை அங்கே ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

6. வெப்பேக், ரோல்அப் என்றால்

வெப்பேக்கில் லோடர் (ஒவ்வொரு கோப்பையும் மாற்றித் தரும் நிரல்) மாட்யூலின் மேல்மட்ட மாறி இன்னும் ஆபத்தானது. இயல்பாக 100 மாட்யூல்கள்வரை ஒரே நேரத்தில் கையாளப்படும், ஒரே லோடர் எல்லாவற்றுக்கும் இடையே தாவும். பிளகினில் ‘அப்ளை’ ஒருமுறைதான் ஓடும், ஆனால் வாட்சில் ஒவ்வொரு மறுகட்டுமானத்துக்கும் புதிய கம்பைலேஷன் பொருள் பிறக்கும். அப்ளை மட்டத்தில் அறிவித்தது வாட்ச் முழுதும் வாழும். கம்பைலேஷன் ஹூக்குக்குள் அறிவித்தது அந்த ஒரு கட்டுமானத்தோடு முடியும். பிழைப் பட்டியல், எண்ணிக்கை போன்றவற்றை அப்ளை மட்டத்தில் வைத்தால் அவை வளர்ந்துகொண்டே போகும்.

ரோல்அப்பில் பிளகின் ஃபங்ஷன் தரும் பொருள் வாட்ச் முழுதும் நிலைக்கும். ஒரு கட்டுமானத்துக்கு மட்டும் உரியதை ‘பில்ட்ஸ்டார்ட்’ ஹூக்கில் காலி செய்யுங்கள்.

7. சோதனை எழுதுங்கள் (1 மணி நேரம்)

ஐந்து சோதனைகள். ஒரே பெயரில் பிளகினை இருமுறை அழைத்தால் இரண்டாவது முறை 0 கோப்பு கடக்கவேண்டும். வேறு பெயரில் அழைத்தால் எல்லாம் கடக்கவேண்டும். காலி செய்தபின் எல்லாம் கடக்கவேண்டும். இரண்டு அழைப்புகளுக்கு வெவ்வேறு ஆப்ஷன் கொடுத்து, ஒன்று மற்றொன்றில் தெரியக்கூடாது. ஐந்தாவது: இரண்டு ஸ்ட்ரீம்கள் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றிலும் 50 கோப்பு, கோப்புக்குக் கோப்பு மாறும் தாமதம், முடிவில் ஒவ்வொரு பாதையும் தன் உள்ளடக்கத்தோடுதான் இருக்கிறதா என்று பார்ப்பது. தாமதத்தை ராண்டமாக வைக்காதீர்கள், தோற்றால் மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது. முதல் ஸ்ட்ரீமில் குறைந்துகொண்டே போகும் தாமதம், இரண்டாவதில் கூடிக்கொண்டே போகும் தாமதம் என்று வையுங்கள்.

மோக்கா என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்தினால் ‘செக்-லீக்ஸ்’ கொடியைச் சேருங்கள். சோதனையின்போது புதிதாகப் பிறந்த குளோபலைப் பெயர் சொல்லிக் காட்டும்.

கோப்பை நீக்கும் நிகழ்வையும் மறந்துவிடாதீர்கள். வாட்சில் கோப்பு நீங்கினால், ‘கல்ப்-கேஷ்டு’ பதிவேட்டிலிருந்து அந்தப் பாதையை அழிக்கவேண்டும். கூடவே ‘கல்ப்-ரிமெம்பர்’ (முன்பு கடந்த கோப்புகளை ஸ்ட்ரீமில் மறுபடி சேர்க்கும் பிளகின்) இருந்தால் அதன் ‘ஃபர்கெட்’டையும் அழைக்கவேண்டும். முன்னதை மட்டும் செய்தால் நீக்கிய கோப்பு வெளியீட்டில் தொடர்ந்து வரும்.

8. பிளகின் பிறர் எழுதியது என்றால்

‘நோட் மாட்யூல்ஸ்’ அடைவில் நேரடியாகத் திருத்தி, ‘பேட்ச்-பேக்கேஜ்’ கருவியைப் பிளகின் பெயரோடு ஓட்டுங்கள். ‘பேட்சஸ்’ அடைவில் பெயரும் பதிப்பும் சேர்ந்த ஒரு கோப்பு உருவாகும். அதைக் கமிட் செய்து, பேக்கேஜ் ஜேசனின் ‘போஸ்ட்இன்ஸ்டால்’ ஸ்கிரிப்ட்டில் அந்தக் கருவியைச் சேருங்கள். பிஎன்பிஎம், புதிய யார்ன் ஆகிய பொதி மேலாளர்கள் இரண்டிலும் பேட்ச் வசதி உள்ளேயே இருக்கிறது.

இரண்டு பொறிகள். கருவியை டெவ் சார்பாக வைத்துவிட்டு, சர்வரில் டெவ் பொதிகளை விட்டுவிட்டு நிறுவினால் போஸ்ட்இன்ஸ்டால் தோற்கும். ஸ்கிரிப்ட்களைத் தவிர்க்கும் கொடியோடு நிறுவினால் தோற்காது, பேட்ச் பொருந்தாமலே எல்லாம் நடக்கும். இது முன்னதைவிட மோசம்.

மூல ஆசிரியருக்கு அனுப்பும்போது சின்னப் புராஜெக்ட்டையும் ஐந்தாவது சோதனையையும் சேர்த்து அனுப்புங்கள். திருத்தம் ஒரே சொல்லாக இருக்கலாம். அந்தச் சொல் ஏன் தேவை என்பதைச் சோதனைதான் காட்டும். நடை மாற்றங்களையும் ‘வார்’ ஒழிப்பையும் அதே கோரிக்கையில் கலக்காதீர்கள்.

9. தவறான பழைய பதிவுகளைக் களையுங்கள்

நிரல் சரியாகியும் பழைய கோப்பே வருகிறது என்ற புகார் இங்கே எழும். டிஸ்கில் உள்ள பதிவுகள் பழைய பிளகின் எழுதியவை. சாவியோடு பிளகினின் பதிப்பு எண், ஆப்ஷன்கள் இரண்டையும் சேர்த்துச் செக்சம் எடுங்கள். பதிப்பு ஏறியதும் பழையவை தாமாகவே பொருந்தாமல் போகும். ஆப்ஷன்களை ‘ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை’ செய்து சேர்க்கும்போது கவனம்: ஃபங்ஷன்களை அது விட்டுவிடும், ரெகுலர் எக்ஸ்பிரஷனை வெற்றுப் பொருளாக்கும். இரண்டு வெவ்வேறு ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒரே சாவியைத் தரும். அவற்றைத் தனியே சரமாக மாற்றிச் சேருங்கள்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (பில்டைச் சர்வரில் தானாக ஓட்டும் சேவை) கேஷ் வைத்திருந்தால் இன்னொன்று. அங்கே ஒரு சாவியில் ஒருமுறை எழுதிய கேஷை மேலெழுத முடியாது. சாவி பெரும்பாலும் லாக் கோப்பின் ஹாஷாக இருக்கும். நீங்கள் பேட்ச் போட்டால் லாக் கோப்பு மாறுவதில்லை. ஆகவே தவறான கேஷே தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். 7 நாள் யாரும் தொடாவிட்டால் நீங்கும், ஆனால் தினமும் பில்டு ஓடும் புராஜெக்ட்டில் அந்த நாள் வராது. சாவியின் முன்னொட்டில் உள்ள எண்ணை ஒன்று கூட்டுங்கள், ‘பேட்சஸ்’ அடைவின் ஹாஷையும் சாவியில் சேருங்கள். ‘ரிஸ்டோர்-கீஸ்’ பட்டியலிலும் பழைய முன்னொட்டு இருக்கும், அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதுச் சாவி கிடைக்காதபோது பழைய கேஷையே தேடி எடுத்துவரும்.

உடன் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வரி அனுப்புங்கள்: புதுக் கிளையை இழுத்ததும் வாட்சை ஒருமுறை நிறுத்தி, ‘என்பிஎம் சிஐ’ ஓட்டி, ‘நோட் மாட்யூல்ஸ்’ அடைவினுள் உள்ள ‘.கேஷ்’ அடைவு இருந்தால் அழித்து, தற்காலிக அடைவில் உள்ள கல்ப்-கேஷையும் ‘கிளியர்ஆல்’ வழியாகக் காலி செய்யவேண்டும். பழைய பிராசஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் மாட்யூல் ஸ்கோப்பில் பழைய நிரலும் பழைய பதிவேடும் அப்படியே இருக்கும்.